ஒரு படலைக்கு இரண்டு காவலரா?

வேலி அடைப்பதைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் பாடஞ் சொல்லத் தேவையில்லை. கதியாலும் கிடுகும் பனைமட்டையுங் கொண்டு நாம் அடைத்த வேலிகளையும், அவ்வேலிகளின் பெயரால் நீதிமன்றங்களிலே செலவிட்ட பணத்தையும் எழுதப் புகுந்தால் அதுவே ஒரு தனி நூலாகிவிடும். பாதுகாப்பு என்று வந்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வைப்பது நமக்குப் பழகிப்போன குணம். அந்தக் குணம் இப்பொழுது கணினிக்குள்ளும் புகுந்திருக்கின்றது. "ஒரு வைரஸ் எதிர்ப்பு நிரல் கணினியைக் காக்குமாயின் இரண்டு நிரல்கள் இன்னும் நன்றாகக் காக்குமன்றோ?" என்று மாணவர்கள் கேட்கின்றனர். மாணவர்கள் மட்டுமன்றி, அவர்களுக்குக் கணினி வாங்கிக் கொடுத்த தந்தைமாரும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. விடைதான் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. இரண்டைப் போட்டால் காவல் இரட்டிப்பதில்லை. பெரும்பாலும், இருந்த காவலுங் குறைந்துவிடுகின்றது. அஃது எவ்வாறென்பதே இவ்வாரம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம்மவர் வீடுகளிலே இந்த இரட்டைக் காவல் எப்படி வந்து சேர்கின்றது என்பதை முதலிற் கவனிப்போம். வேண்டுமென்று திட்டமிட்டு இரண்டைப் போடுபவர் மிகச் சிலரே. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒரு மடிக்கணினி கொண்டுவருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அதை விற்ற கொம்பனி, ஏதாவதொரு காவல் நிரலைச் சில வாரத் தவணைக்கு இலவசமாக உள்ளே வைத்தே அனுப்பியிருக்கும். தவணை முடிந்ததும் அது பணங் கேட்கத் தொடங்கும். கேட்கும்போதெல்லாம் அதன் வாயை மூடிவிட்டு, பல்கலைக்கழகத்திற் படிக்கும் அண்ணன் இன்னோர் இலவச நிரலை இறக்கிப் போடுவார். பிறகொரு நாள் கணினி பழுதாகித் திருத்தக் கொடுத்தால், திருத்துபவர் தம் கைவசமிருந்த ஒன்றையும் கேளாமலே சேர்த்துவிடுவார். இவற்றுக்கு அப்பால், வேறெதையோ இறக்கும்போது முன்கூட்டியே சரியிட்டு வைத்திருந்த சிறு கட்டத்தைக் கவனியாது 'சம்மதம்' என்று அழுத்தியதால் உள்ளே வந்தவையும் உண்டு. அடோபி கொம்பனியின் பிளாஷ் நிரலை இறக்கப் போனவர்கள் மக்கபீ கொம்பனியின் சோதனை நிரலையும் கூடவே பெற்றுக்கொண்டு வந்த காலம் ஒன்றிருந்தது.

மூவர் மூன்று நல்லெண்ணத்தோடு செய்த காரியம். பலனை அனுபவிப்பவளோ, நாளை காலை ஒப்படையைக் கொடுக்க வேண்டிய தங்கை. கணினியைத் திறந்தால் அது விழித்தெழுவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். எழுதி வைத்த கோப்பைத் திறக்கச் சொன்னால் வட்டமொன்று சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு எச்சரிக்கைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். சில வேளைகளில் திரை முழுவதும் நீலமாகி, புரியாத எழுத்துக்கள் சில தோன்றி, எல்லாம் நின்றுவிடும். "வைரஸ் பிடித்துவிட்டது" என்று வீட்டார் முடிவு செய்வர். அதற்கு மருந்தாக மூன்றாவது நிரலொன்றையும் போடுவர்!

காவல் நிரல் எங்கே நின்று காவல் செய்கின்றது என்பதை அறிந்தால் இவ்விபரீதத்தின் காரணம் விளங்கும்.

ஒரு கோப்பைத் திறவென்று நாம் இடும் கட்டளை நேரே வன்தட்டுக்குப் போவதில்லை. விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமைகளின் உட்கருவிலே, அக்கட்டளை செல்லும் வழியிற் சில சோதனைச் சாவடிகள் உள்ளன. (அச்சொல்லை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதற்குச் சிறிது தயக்கமாயிருப்பினும், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.) காவல் நிரல் அச்சாவடியிலே நின்று, கட்டளையை ஒரு கணம் நிறுத்தி, கோப்பைத் தான் முதலிற் பார்த்து, குற்றமில்லையென்று கண்டபின்னரே நமக்கு விடுகின்றது. யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்ற குழப்பம் நேராதிருக்க, மைக்ரோசொப்ட் கொம்பனி ஒவ்வொரு சாவடிக்கும் 'உயரம்' என்று பெயரிட்ட ஓர் எண்ணை வழங்குகின்றது. வைரஸ் எதிர்ப்பு நிரல்களுக்கென ஒதுக்கப்பட்ட எண்கள் 320000 முதல் 329998 வரை. எண் பெரிதாயிருப்பவர் முன்னே நிற்பார்.

வரிசை ஒழுங்குதான். ஆயினும் வேலையிலேயே சிக்கல் இருக்கின்றது. முன்னே நிற்பவர் ஒரு கோப்பைச் சோதிக்க வேண்டுமாயின் அவரும் அதைத் திறந்துதானே பார்க்கவேண்டும்? அவர் திறப்பதைப் பின்னே நிற்பவர் காண்கின்றார். 'ஒரு கோப்புத் திறக்கப்படுகின்றதே' என்று அவர் தம் பங்குக்கு நிறுத்துகின்றார். நிறுத்தித் தம் உதவியாளரை அனுப்பி அக்கோப்பைத் திறப்பிக்கின்றார். அந்த உதவியாளரோ வாசலிலிருந்து வருபவர். ஆகவே முன்னே நிற்பவர் அவரைப் பிடித்துக்கொள்கின்றார். இவர் அவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, கோப்புக் கேட்ட தங்கை இருவருக்காகவும் காத்திருக்கின்றாள்.

நிரல் எழுதுவோர் இதை அறியாதவர்களல்லர். தம் நிரல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளாதபடி அவர்கள் வழி செய்து வைத்திருப்பர். பெயர் பெற்ற சில போட்டி நிரல்களைக் கண்டால் விலகிப்போகவும் சிலர் சொல்லிக்கொடுத்திருப்பர். ஆனால் இந்நிரல்கள் நாள்தோறும், சில வேளைகளில் மணிக்கொரு தடவை, தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. போட்டிக் கொம்பனியின் நிரல் நேற்றிரவு மாற்றிக்கொண்ட போக்கை இன்று காலை மற்றவர் எவ்வாறு அறிவார்? ஆகவே, "என் கணினியில் இரண்டு வருடமாக இரண்டும் ஒற்றுமையாய் இருக்கின்றனவே" என்று சொல்லும் அன்பர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஒற்றுமைக்கு எவரும் பொறுப்பாளியல்லர் என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இனி இன்னொரு கோணத்தைப் பார்ப்போம். எனக்கு மிகச் சுவையாகத் தோன்றுவது இதுதான். காவலன் செய்யும் வேலைகளை ஒன்றொன்றாக எழுதிப் பாருங்கள். கணினி விழிக்கும்போதே மற்றெவரும் வருமுன் உள்ளே வந்து அமர்கின்றான். உட்கருவிலே இடம் பிடிக்கின்றான். எல்லாக் கோப்புக்களையும் புரட்டிப் பார்க்கின்றான். இணையத்திலிருந்து வருவனவற்றை இடைமறிக்கின்றான். தன்னை எவரும் எளிதில் அகற்றிவிடாதபடி வேர்விடுகின்றான். இவ்வளவும் ஒரு கள்வன் செய்யும் வேலைகளும் அல்லவா? நோக்கம் வேறு, செயலோ ஒன்று. நோக்கத்தைப் படித்தறியும் ஆற்றல் நிரலுக்கு இல்லை. அது செயலைக் கண்டும், அடையாளக் குறிகளைக் கண்டுமே தீர்ப்புச் சொல்கின்றது.

அடையாளக் குறி என்பது வைரஸின் உடலிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டு. அங்க அடையாளம் போன்றது. ஒவ்வொரு காவலனும் தான் தேடும் கள்வரின் அங்க அடையாளங்களைப் பெரியதொரு ஏடாகச் சேர்த்துத் தன் மடியில் வைத்திருக்கின்றான். எம்.எஸ். டொஸ் காலத்து நிரல்கள் சில அந்த ஏட்டை மறைக்காமல் நினைவகத்திலே திறந்தபடி போட்டுவைத்தன. இரண்டாவது நிரல் வந்து நினைவகத்தைத் துழாவும்போது அங்கே நூற்றுக்கணக்கான வைரஸ்களின் துண்டுகள் கிடக்கக் கண்டு, பெரும்படையே புகுந்துவிட்டதென்று கூக்குரலிடும். உண்மையில் அது கண்டது சக காவலனின் குறிப்பேடுதான். அதன்பின் குறிப்பேடுகளைப் பூட்டி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

பூட்டி வைத்தும் சண்டை ஓயவில்லை. 2006-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மைக்ரோசொப்ட் அப்பொழுது வேவு நிரல்களைப் பிடிப்பதற்கென ஒரு நிரலைச் சோதனை வடிவில் வெளியிட்டிருந்தது. இன்றைய டிபெண்டருக்கு மூதாதை அதுவே. அது ஒரு நாள், அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த சிமாண்டெக் கொம்பனியின் வைரஸ் எதிர்ப்பு நிரலினுடைய பதிவுகளைக் கண்டு, கடவுச்சொல் திருடும் நச்சுநிரலென்று முத்திரை குத்தி, அகற்றிவிடலாமா என்று கேட்டது. கேட்டவர் மைக்ரோசொப்ட் அல்லவா என்று நம்பி 'ஆம்' என்றவர்களின் கணினிகளிலே சிமாண்டெக் நிரல் முடமாயிற்று. தவறு விரைவிலே திருத்தப்பட்டது. இதைவிட வேடிக்கையானது 2012 செப்டெம்பரில் நிகழ்ந்தது. பிரித்தானியாவின் சோபோஸ் கொம்பனியின் நிரல், பலவகை நிரல்களின் புதுப்பிக்கும் பகுதிகளை வைரஸென்று பிடித்தது. அவற்றுள் தன்னுடைய புதுப்பிக்கும் பகுதியும் ஒன்று. தன்னையே கைது செய்யும் காவலன், அயலானைக் கண்டால் என்ன செய்யமாட்டான்!

இனி, மெய்யான வைரஸ் ஒன்று வந்துவிட்டதென்று கொள்வோம். அப்பொழுதாவது இருவரும் ஒன்று சேர்ந்து பிடிப்பார்களா? ஒருவன் அதைப் பிடித்துத் தன் தனியறையிற் பூட்டுவதற்கு இழுக்கின்றான். மற்றவன் அங்கேயே அழித்துவிட முனைகின்றான். கோப்பு முதல்வன் கையில் இருப்பதால் இரண்டாமவனால் அழிக்க முடிவதில்லை. "அகற்ற முடியவில்லை, அபாயம்" என்று எச்சரிக்கின்றான். சுருக்கி மடித்த கோப்பு ஒன்றைச் சோதிக்க முதல்வன் தற்காலிக இடத்தில் விரித்துப் பார்த்தால், விரித்த அக்கணமே இரண்டாமவன் அங்கே பாய்கின்றான். ஒரே வைரஸுக்குப் பத்து எச்சரிக்கைகள் எழுகின்றன. ஏழாவது எச்சரிக்கையிலே பொறுமையிழந்த மனிதர், வேலை முடியும் வரைக்குமென்று இரண்டையும் நிறுத்தி வைக்கின்றார். இரட்டைக் காவலினால் வரும் அபாயங்களுட் பெரியது இதுவேயென்பது என் எண்ணம். நீலத் திரை கண்ணுக்குத் தெரியும். நிறுத்தி வைத்ததை மறந்துவிடுவது எவர் கண்ணுக்குந் தெரிவதில்லை.

வைரஸ் என்று இத்தனை தடவை சொல்லிவிட்டோம். உலகெங்கும் பரவிய முதல் பீ.சீ. கணினி வைரஸ் நம் தெற்காசியாவிலே பிறந்ததென்பதை மாணவர்கள் அறிந்திருப்பார்களோ என்னவோ! 1986-இல் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர், பாசித் பாரூக் அல்வியும் அம்ஜத் பாரூக் அல்வியும், எழுதிய 'பிரெயின்' என்பதே அது. தாம் எழுதிய நிரலைப் பிறர் களவாகப் பிரதி செய்வதைத் தடுக்கவே எழுதியதாக அவர்கள் சொன்னார்கள். அதனுள்ளே தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். முகவரி கொடுத்துவிட்டுப் போன கள்வரை உலகம் அதன்பின் கண்டதில்லை. வைரஸ் பரவப் பரவ எதிர்ப்பு நிரல் எழுதுவதும் ஒரு தொழிலாயிற்று. புனேயில் குயிக் ஹீல், சென்னையில் கே7 என நம் அயலிலும் அத்தொழில் வேரூன்றியது. போட்டியாளர் பெருகியதால் ஒவ்வொருவரும் உட்கருவிலே இன்னும் ஆழமாக இறங்கினர், உராய்வும் பெருகிற்று.

32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலே, முறைமையின் கட்டளை அட்டவணையையே தம் வசதிக்கேற்ப மாற்றி எழுதும் வழக்கம் இந்நிரல்களுக்கு இருந்தது. முதலில் வந்தவர் மாற்றியதன்மேல் அடுத்தவரும் மாற்றி எழுதினால், பிறகு முதல்வர் தம்முடையதை விலக்கிக்கொள்ளும்போது அத்திவாரமே சரியும். 2005 முதல் வெளிவந்த 64 பிட் விண்டோஸ்களில் மைக்ரோசொப்ட் அவ்வழக்கத்தைத் தடை செய்தது. விஸ்டா வெளிவருமுன், 2006-இல், மக்கபீயும் சிமாண்டெக்கும் இதை எதிர்த்துப் பெருங் கூச்சலிட்டன. எங்களை வெளியே தள்ளினால் மக்களை யார் காப்பார் என்பது அவர்கள் வாதம். வீட்டின் அத்திவாரத்தைக் காவற்காரன் தோண்டலாகாது என்பது மற்றவர் வாதம். பிற்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது மைக்ரோசொப்ட்டின் பக்கமே நியாயம் அதிகமென்று தோன்றுகின்றது.

அந்நிகழ்ச்சிகளுள் 2018 ஜனவரியில் நடந்தது நம் விஷயத்துக்கு மிக அண்மையது. கணினியின் மூளையாகிய புரொசசரிலேயே 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் குறைபாடுகள் இருப்பது அம்மாதம் 3-ஆம் திகதி வெளியாயிற்று. மைக்ரோசொப்ட் அதற்கு ஒரு திருத்தத்தை ஆயத்தஞ் செய்திருந்தது. அதைச் சோதித்தபோது, சில வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் உட்கருவின் நினைவகத்திலே அனுமதியற்ற முறையிற் கைவைத்துக்கொண்டிருப்பதும், அவை இருக்கும் கணினிகளில் இத்திருத்தத்தைப் போட்டால் நீலத் திரை விழுந்து கணினி எழும்பாமலே போய்விடக்கூடும் என்பதும் தெரிந்தன. ஆகவே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. "நான் ஒழுங்கானவன், திருத்தத்தை அனுப்பலாம்" என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு காவல் நிரலும் விண்டோஸ் பதிவேட்டிலே ஒரு குறி வைக்க வேண்டும். குறி இல்லாத கணினிக்குத் திருத்தம் போகாது.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். அந்தக் குறி கணினிக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்றல்ல. ஒரு கணினியில் இரண்டு காவல் நிரல்கள் இருந்து, அவற்றுள் ஒழுங்கான ஒன்று குறியை வைத்துவிட்டால், ஒழுங்கற்ற மற்றதற்கும் சேர்த்து அது சாட்சி சொல்லிவிடுகின்றது. திருத்தம் வந்து சேரும். இரண்டாவது நிரல் கணினியை வீழ்த்தும். ஒரு வாசலுக்கு ஒரு காவலன் என்னும் எண்ணத்திலேயே முறைமை முழுவதும் கட்டப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நான் அறிய வேறில்லை.

இரண்டு வேண்டாம், ஒன்றே தனித்து நின்றும் சறுக்கியதுண்டு. 2010 ஏப்ரல் 21-ஆம் திகதி மக்கபீ அனுப்பிய புதுக் குறிப்பேடு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பொன்றை வைரஸென்று பிடித்து அகற்ற, கணினிகள் ஓயாமல் நின்று நின்று எழும்பின; அமெரிக்காவிலே மருத்துவமனைகளும் காவல் நிலையங்களும் தடுமாறின. 2024 ஜூலை 19-ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் கொம்பனியின் தவறான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தி, விமானங்களை நிலத்திலே நிறுத்தியது. உட்கருவில் நிற்பவர் இடறினால் வீடே இடறும். அவ்விடத்தில் இருவரை நிறுத்துபவர், இடறக்கூடிய கால்களை இரண்டிலிருந்து நான்காக்குகின்றார்.

நிற்க. நம் நாட்டுக்கேயுரிய ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், புதுக் கணினி என்பது அநேக குடும்பங்களுக்கு எட்டாக் கனியாயிற்று. நாலு கிகாபைற் நினைவகமும் பழைய சுழலும் வன்தட்டுங் கொண்ட கணினிகளையே இன்றும் பல பிள்ளைகள் வைத்துப் படிக்கின்றனர். விண்டோஸ் தன் பங்கை எடுத்தபின் அதில் எஞ்சுவது சொற்பம். இரண்டு காவலர் தத்தம் குறிப்பேடுகளோடு வந்து அதையும் பங்கிட்டால், நினைவகத்தில் இடங்காணாதவை வன்தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். கணினி கெட்டுவிட்டதென்று எண்ணி அதை மூலையிற் போட்டவர்களும், கடன்பட்டு வேறு வாங்கியவர்களும் உண்டு. அக்கணினிகளுட் சிலவற்றையேனும் ஒரு காவலனை வெளியே அனுப்பியிருந்தால் மீட்டிருக்கலாம்.

"அப்படியாயின் கொமினிக்கேசன் கடைக்குக் கொண்டுபோய் வந்த பென் டிரைவைப் பற்றி என்ன சொல்கின்றீர்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். பிரதியெடுக்கவும் அச்சிடவும் ஊரிலுள்ள எல்லாப் பென் டிரைவுகளும் வந்து செருகப்படும் அக்கடைக் கணினிகள், கோயிற் கேணியைப் போன்றவை; ஒருவருக்குள்ள சொறி எல்லோருக்கும் வரும். கோப்புகளையெல்லாம் மறைத்துவிட்டு அவற்றின் பெயரிலே குறுக்குவழிக் குறிகளை மட்டும் வைத்துப்போகும் வைரஸை அறியாத மாணவர் இல்லை. ஆனால் அதைப் பிடிப்பதற்கு இரண்டு காவலர் வேண்டியதில்லை. ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் ஒருவர் போதும். தாமே ஓடத்தொடங்கும் ஓட்டோரன் வசதியைப் பென் டிரைவுகளுக்கு நிறுத்தும் திருத்தத்தை, எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் 2011 பெப்ரவரியிலேயே அனுப்பிவிட்டது. அதன் பிறகும் வைரஸ் ஏறுவது பெரும்பாலும் நம் கை அழுத்துவதனாலேதான். மறைந்த கோப்புகள் அழிந்தவையல்ல என்பதையும், அவசரப்பட்டுப் பென் டிரைவை வெறுமையாக்க வேண்டாமென்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றேன்.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. வைத்தியரையும் அப்படிக் கேட்கின்றோம். ஒரு பரியாரியாரின் குளிகையையும் இன்னொரு பரியாரியாரின் கஷாயத்தையும் ஒரே வேளையில் விழுங்குவதுதான் தவறு. வாசலில் நில்லாமல், நாம் அழைக்கும்போது மட்டும் வந்து, ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டுப் போகும் சோதனை நிரல்கள் உண்டு. மைக்ரோசொப்ட்டே 'சேப்டி ஸ்கேனர்' என்றொன்றை இலவசமாகத் தருகின்றது. வேறொரு காவல் நிரல் வாசலில் நிற்கும்போது, டிபெண்டரை இடைக்கிடை வந்து பார்த்துப்போகும்படி அமைக்கும் வசதியும் 2016 முதல் விண்டோஸ் 10-இல் இருக்கின்றது. இந்தோனேசியாவின் ஸ்மாடாவ் போல, முதன்மைக் காவலனுக்குத் துணையாய்ப் பென் டிரைவுகளைப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. எனினும் நினைவகம் குறைந்த கணினிக்கு அதுவும் ஒரு சுமையே.

உங்கள் வீட்டுக் கணினியில் எத்தனை காவலர் இருக்கின்றனர் என்பதை அறிவது எளிது. 'விண்டோஸ் செக்கியூரிட்டி' என்பதைத் திறந்து, அமைப்புக்களுக்குட் சென்று, பாதுகாப்பு வழங்குவோரின் பட்டியலைப் பாருங்கள். இரண்டு பெயர்கள் இருப்பினும் ஒன்றின் எதிரே நிறுத்தப்பட்டிருப்பதாகக் காட்டினால் அஞ்ச வேண்டாம். விண்டோஸின் சொந்தக் காவலனான டிபெண்டர், வேறொருவர் வந்து பதிந்துகொண்டால் தானாகவே விலகி நிற்கும். (அவ்விலகலும் சண்டைக்கிடமாயிற்று. தம் நிரலை விண்டோஸ் வேண்டுமென்றே ஓரங்கட்டுகின்றதென்று கஸ்பர்ஸ்கி கொம்பனி 2016-இல் ரஷ்யாவிலும் 2017-இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடமும் முறையிட்டு, மைக்ரோசொப்ட் சில மாற்றங்களுக்கு இணங்கியபின் அவ்வாண்டிலேயே முறைப்பாட்டை மீளப்பெற்றது.) வெளியார் இருவர் ஒரே நேரத்தில் விழித்திருப்பதாகக் காட்டினாலே நடவடிக்கை வேண்டும்.

ஒருவரை வெளியே அனுப்பும் முறையையும் சொல்ல வேண்டும். இதிலேதான் பலர் தவறுகின்றனர். நிரல் இருக்கும் கோப்புறையைத் தேடிப் பிடித்துக் கையால் அழித்துவிடுவது முறையன்று. வீட்டை இடித்தாலும் சாவடி நின்றுவிடும். அதன்பின் ஒவ்வொரு கட்டளையும் ஆளில்லாத சாவடியில் வந்து முட்டும். அமைப்புக்களிலுள்ள நிரற் பட்டியலுக்குச் சென்று முறைப்படி அகற்றி, கணினியை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். அப்படியும் வேர் எஞ்சுவதுண்டாதலால், மக்கபீ, நோட்டன், கஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் முதலிய கொம்பனிகள் தத்தம் நிரலை முற்றாக அகற்றுவதற்கென்றே தனிக் கருவிகளைத் தம் தளங்களில் வைத்திருக்கின்றன. எல்லாரையும் அனுப்பிவிட்டால் டிபெண்டர் விழித்துக்கொள்ளும். வீட்டுப் பாவனைக்கு அது போதாதென்பவர்கள், பெரும்பாலும் வேறொன்றை விற்பவர்களாகவே இருப்பர்.

பணங்கொடுத்து வாங்க வேண்டிய நிரலைக் 'கிராக்' செய்து போடுவது நம்மிடையே சர்வசாதாரணம். காவல் நிரலையும் அவ்வாறு போடுகின்றார்கள். அந்தக் கிராக்கை ஓட்டுவதற்கு முதற்படி, இருக்கும் காவலை நிறுத்துவது! முகமறியாத ஒருவன் சொற்கேட்டு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அவனிடமே காவலனையும் வாங்குவதை என்னவென்று சொல்வது?

காவல் எத்தனை இருப்பினும் கதவு உளுத்திருந்தால் பயனில்லை என்பதற்கு 2017 மே மாதத்து 'வன்னாக்கிரை' சான்று. கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணங்கேட்ட அந்த நிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில், வெளிவந்திருந்தது. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிவடைந்துவிட்டதென்பதை, அதை இன்னும் வைத்திருப்போர் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாக வைத்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. அது பிரதி. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பர். அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளே மீளாத இழப்பு. 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இன்று நம் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து வைப்பதன் பெறுமதியை அந்த நினைவோடுதான் அளக்க வேண்டும். நம் வீட்டுக் கணினியில் இருப்பவை அத்துணைப் பெரியவை அல்லாதிருக்கலாம். அப்பாச்சியின் ஒரேயொரு புகைப்படம், காணி உறுதியின் படி, தங்கையின் ஒப்படை. வைரஸ் அழித்தாலும், அதைப் பிடிக்கப் போன காவலர் இருவர் தம் சண்டையிற் சிதைத்தாலும், அவை போனவை போனவையே. இரண்டாவது நிரல் வாங்க வைத்திருக்கும் பணத்துக்கு ஒரு பென் டிரைவோ வெளி வன்தட்டோ வாங்கி, மாதமொருமுறை இவற்றைப் பிரதி செய்யலாம். பிரதி செய்து முடிந்தவுடன் அதைக் கணினியிலிருந்து கழற்றி, ஈரம் படாத அலுமாரியில் வைத்துவிட வேண்டும். செருகியபடி விட்டால், கணினிக்குள் வந்தது அதற்குள்ளும் போகும். மாமி வீடு அடுத்த தெருவில் இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்.